அல்சூரிலிருந்து யாரும் கேட்கவில்லை

வாரம் முழுக்க ஓடுகிற மகா, அவசரப்படாமல் நிற்கிற இடம் ஒன்று உண்டென்றால் அது ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடை வரிசைதான். பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் பிறந்து வளர்ந்தவள் அவள். ஆனால் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, தெருவில் யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் வீடு மாறிப் போனார்கள் என்பதெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும். அம்மாவும் இப்போது சேலத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். வெயில் ஏறுவதற்குள் கம்பெனி கேப் வந்துவிடும். திரும்பும்போது சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் தூங்கி விழித்துத் தூங்கி வீடு வந்து சேருவதற்குள் எல்லாக் கதவும் சாத்தியிருக்கும்.

அன்று வரிசையில் அவளுக்கு முன்னால், மூடிய ஷட்டரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சரசு நின்றிருந்தாள். அடுத்த சந்தில் குடியிருப்பவள். அம்மாவின் பழைய சினேகிதி. ஒரு பக்கமாகச் சரிந்து நின்ற விதமே சரியாக இல்லை.

"இன்னாக்கா, இடுப்பு புடிச்சிக்கிச்சா?"

"புடிக்காம? அவரு எடை இன்னா கம்மியா? தூக்கித் தூக்கி உக்கார வச்சு இப்ப எனக்கே உக்கார முடியல."

சரசுவின் புருஷன் கிருஷ்ணப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது மகாவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தாள். அதற்கப்புறம் தேறியிருப்பார் என்று அவளாகவே நினைத்துக்கொண்டு விட்டிருந்தாள்.

"தரையிலயா படுக்க வச்சிருக்கீங்க? தலப்பக்கம் தூக்கற கட்டில் ஒண்ணு வாடகைக்கு எடுத்திருக்கலாமேக்கா. எங்க கம்பெனியே குடுக்குதே."

சரசு அவளை ஒரு மாதிரி பார்த்தாள். கோபம் இல்லை. கேட்கலாமா வேண்டாமா என்கிற தயக்கம்.

"உங்க கம்பெனிக்குத்தான்மா எழுதினோம். ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டினு வந்த அன்னிக்கே சோனியா போன்ல எல்லாம் தட்டி அனுப்பினா. நன்றி, சீக்கிரம் கூப்புடறோம்னு பதிலும் வந்துச்சு. நானும் போன கையிலயே வச்சுகினு இருந்தேன். ஒருத்தரும் கூப்புடல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ எங்க கண்ணுல படற? அதுவுமில்லாம..." சரசு கடைக்காரன் வெட்டும் கட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பெரிய கம்பெனி. அட்ரஸ பாத்துட்டு, இந்தச் சந்துல இருக்கறவங்களுக்கு எதுக்குன்னு விட்டுட்டாங்க போலன்னு நெனச்சேன். அத உங்கிட்ட வந்து எப்படிக் கேக்கறது?"

மகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சரசுவின் முறை வந்துவிட்டது. அரைக் கிலோ வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் போனதையே மகா பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் ஆபீஸில் பையை வைத்ததும் மகா முதலில் தேடியது சரசுவின் மகள் சோனியாவின் பெயரைத்தான்.

அவர்களுடைய கம்பெனி, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய நோயாளிகளுக்குக் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்ஸிஜன் மெஷின் எல்லாம் வாடகைக்குத் தருவது. வேண்டியவர்கள் வெப்சைட்டில் பெயரையும் போன் நம்பரையும் போட்டு, என்ன வேண்டும், எந்த ஏரியா என்பதை அங்கே விரிகிற பட்டியலில் தட்டித் தேர்ந்தெடுப்பார்கள். அது மார்க்கெட்டிங் ஆட்களின் சாஃப்ட்வேரில் வந்து விழும். அங்கிருந்து தானாகவே சேல்ஸ் ஆட்களின் சாஃப்ட்வேருக்குப் போகும். போனால்தான் அந்த ஏரியாவைப் பார்க்கும் ஆளுக்குத் தகவல் கிடைத்து அவர் கூப்பிடுவார். இரண்டு சாஃப்ட்வேரையும் செய்தவர்கள் வேறு வேறு. இரண்டும் ஒன்றோடொன்று ஒழுங்காகப் பேசிக்கொள்கின்றனவா என்று பார்ப்பது மகாவின் வேலை. வருஷக்கணக்காக இதே வேலை. அந்தப் பக்கம் ஒன்றை மாற்றுவார்கள், இந்தப் பக்கம் ஒன்று உடையும், அவள் ஒட்டுப்போடுவாள். ஒட்டுப்போட்டது காய்வதற்குள் இன்னொன்று.

சோனியாவின் பெயர் மார்க்கெட்டிங் பக்கம் இருந்தது. அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன், தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் வேண்டும், அவசரம் என்று எழுதியிருந்தாள். சேல்ஸ் பக்கத்தில் அப்படி ஒரு ஆளே இல்லை.

மகா எழுந்து கிளெமென்டைத் தேடிப் போனாள். அல்சூரும் சிவாஜிநகரும் அவன் ஏரியா. லிங்கராஜபுரத்துக்காரன், நாற்பதை நெருங்குகிறவன். நோயாளி இருக்கும் வீட்டுக்குள் எப்படிச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, எவ்வளவு சன்னமாகப் பேச வேண்டும் என்பதைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்வார்கள். ஆனால் கொஞ்ச நாளாக அவன் பெயர் மீட்டிங்கில் வேறு தொனியில் அடிபட்டது. 'முன்னேற்றத் திட்டம்' என்று ஒன்றில் சேல்ஸ் தலைவன் ஷ்ரேயாஸ் அவனைப் போட்டிருந்தான். அதில் போட்டால் அடுத்தது வாசல்தான் என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

"கிளெமென்ட், அல்சூர் என்கொயரி யாரையாவது கூப்புடாம விட்டியா?"

அவன் சிரித்தான். "வந்தாத்தானே மகா விடறதுக்கு? ரெண்டு மாசமா அங்கேர்ந்து எனக்கு ஒண்ணும் வரல."

"ஒண்ணுமா?"

"ஒண்ணும். ஷ்ரேயாஸ்கிட்ட சொன்னேன். வரலன்னா போய்த் தேடு, உக்காந்த எடத்துக்கு வருமான்னாரு. சரின்னு ஆஸ்பத்திரி வாசல், மெடிக்கல் ஷாப்பு, சர்ச்சுன்னு அலைஞ்சேன். நாலு வீடு கெடச்சுது. முன்னாடி வந்ததுக்கு அதெல்லாம் ஒரு கணக்கா?"

"எதனாலன்னு நெனச்ச?"

"மொதல்ல சிஸ்டத்துல கோளாறுன்னு நெனச்சேன். கம்ப்யூட்டர் ஆளுங்களுக்குப் புகார் டிக்கெட் போட்டேன். சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு, சிவாஜிநகர் என்கொயரி வருதே, அப்போ கோளாறு எங்கன்னு கேட்டாங்க. அப்புறம்..." அவன் கையிலிருந்த பேனா மூடியை மூடித் திறந்தான். "அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நான்தான் ஏதோ சரியா செய்யலியோ, ஜனங்ககிட்ட என் பேரு கெட்டுப்போச்சோன்னு. வீட்ல பொண்டாட்டிகூட கேட்டா, உன் மூஞ்சி ஏன் இப்படி ஆயிட்டு இருக்குன்னு."

மகா திரும்பி வந்து உட்கார்ந்தாள். யாரும் திறந்து பார்க்காத ஒரு பக்கம் மார்க்கெட்டிங் சாஃப்ட்வேரில் உண்டு. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக முடியாமல் திரும்பி வந்தவை எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். அதைத் திறந்தாள். பெயர்கள் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சிவப்பில் ஒரே வரி: ஏரியா என்ற இடத்தில் கொடுக்கப்பட்ட சொல் பட்டியலில் இல்லை.

சேல்ஸ் சாஃப்ட்வேரின் ஏரியா பட்டியலைத் திறந்தாள். அல்சூர் இல்லை. ஹலசூரு இருந்தது.

அவ்வளவுதான். வெப்சைட் பட்டியலில் இருக்கும் 'அல்சூர்' என்பதைத்தான் ஜனங்கள் தட்டியிருக்கிறார்கள். சேல்ஸ் பக்கம் யாரோ அதைக் கன்னடப் பெயரான 'ஹலசூரு' என்று மாற்றியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஊர் என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? பட்டியலில் இல்லாத சொல் வந்தால் அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிடாது அது. ஆளையே சேர்க்காது. பெயர், போன் நம்பர், அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் என்பது, அவசரம் என்பது, எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடும்.

திருப்பி அனுப்புகிற ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கை மெயில் ஒன்று போகத்தான் செய்தது. அது, மகாவோடு இதே வேலையைப் பார்த்த தருணுக்குப் போயிருக்கிறது. தருண் வேலையை விட்டுப் போய் வெகுநாள் ஆகிறது. அவன் இடத்துக்கு ஆள் போடுங்கள் என்று மகா இரண்டு முறை கேட்டிருந்தாள். பார்க்கலாம் என்றார்கள். மற்ற ஏரியாக்களில் விளம்பரம் நன்றாகப் போய்க்கொண்டிருந்ததால் மொத்தக் கணக்கு ஏறுமுகமாகவே இருந்தது. ஒரு ஊர் முழுக்க விழுந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை.

மகா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கண்களைத் தேய்த்துக்கொண்டாள். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கேயாவது போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

சேல்ஸ் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்பவன் உமேஷ். துமகூருக்காரன். ஒழுங்கானவன். அவனிடம் மகா கன்னடத்தில்தான் பேசுவாள். கேண்டீனில் ராகிக் களி உருண்டையோடு உட்கார்ந்திருந்தவனிடம் போய், ஏரியா பட்டியலில் அல்சூர் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"நான்தான் மாத்தினேன் மேடம்," என்றான் உமேஷ் உடனே. "முன்னாடி அல்சூர் ஒண்ணு, ஹலசூரு ஒண்ணு, ரெண்டும் இருந்துச்சு. ஆளாளுக்கு ஒண்ணு போட்டாங்க. ரிப்போர்ட் ரெண்டு துண்டா வந்துச்சு. சுத்தம் பண்ணுன்னு ஷ்ரேயாஸ் சார் சொன்னார். மெட்ரோ ஸ்டேஷன்ல, பஸ் போர்டுல எல்லாம் ஹலசூருதானே, அதையே வச்சிட்டேன். ஏன் மேடம்?"

அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"எவ்வளவு பேர்?"

"நெறைய."

உமேஷ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மேடம், இது வெளிய போனா, கன்னடக்காரன் தமிழ்ப் பேரத் தூக்கிட்டான்னு யாராவது பேசுவாங்களா? சத்தியமா நான் அப்படி நெனச்சுச் செய்யல."

"யாரும் பேச மாட்டாங்க. பேசினா நான் இருக்கேன்," என்றாள் மகா. "எங்க வீட்டுக்குள்ள அல்சூர்னுவோம். பஸ்ல ஏறினா ஹலசூருன்னுவோம். ஒரு நாள்ல பத்து தடவ மாத்தி மாத்திச் சொல்றோம், ஒண்ணும் கெட்டுப்போகல. எந்தப் பேரு வைக்கறதுங்கறது இல்ல உமேஷ். மாத்தினது எனக்குத் தெரியல. அவ்ளோதான்."

"யாருக்குச் சொல்லணும்னு எனக்குத் தெரியல மேடம்."

அது உண்மை. யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை.

விஷயம் காதுக்கு எட்டி, ஷ்ரேயாஸ் அன்று மதியமே அவளை உள்ளே கூப்பிட்டான். கெட்டவன் இல்லை. எப்போதும் அடுத்த மாதத்தில் வாழ்கிறவன். அவள் காட்டியதை எல்லாம் பார்த்துவிட்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்தான்.

"வெப்சைட் ஃபார்ம் மார்க்கெட்டிங் கையிலதானே இருக்கு? நாங்க மாத்தினா நீங்களும் மாத்திக்கணும் இல்லையா?"

இந்தப் பேச்சை மகா எத்தனையோ முறை பேசியிருக்கிறாள். இப்போது பேச அவளிடம் தெம்பு இல்லை.

"யார் மேல தப்புன்னு அப்புறம் பேசிக்கலாம் ஷ்ரேயாஸ். எம்மேல போட்டாலும் சரி. கிளெமென்ட் ஒழுங்கா வேலை செய்யலன்னு எழுதி வச்சிருக்கீங்களே, அத மொதல்ல எடுங்க. அல்சூர்லேர்ந்து அவனுக்கு நாம ஒண்ணுமே அனுப்பல. அனுப்பாம இருந்துட்டு, ஏன் விக்கலன்னு கேட்டிருக்கோம்."

ஷ்ரேயாஸ் லேப்டாப்பை மூடினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "கிளெமென்ட் வெள்ளிக்கிழமையே ராஜினாமா குடுத்துட்டான் மகா."

மகா நேராகக் கிளெமென்டின் மேஜைக்குப் போனாள்.

"காலைல ஏன் சொல்லல?"

"நீ வேற ஏதோ கேட்ட. அதுக்குப் பதில் சொன்னேன்."

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அல்சூர், ஹலசூரு கதை முழுவதையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். முடிந்ததும் பேனா மூடியைக் கீழே வைத்தான்.

"பேரா?"

"பேருதான்."

"என் மேல தப்பு இல்ல?"

"இல்ல."

அவன் முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தான். வெளியே மேம்பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றுகொண்டிருந்தன. ஷ்ரேயாஸே அங்கு எழுந்து வந்துவிட்டான். அது அவன் வழக்கமில்லை. நின்றுகொண்டே, தப்பு நடந்துவிட்டது, எழுதியதை எடுத்துவிடுகிறேன், ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள், எல்லாம் முன்புபோல இருக்கட்டும் என்றான்.

"தேங்க்ஸ் சார்," என்றான் கிளெமென்ட். "ஆனா வேணாம். சிவாஜிநகர்ல மருந்து ஏஜென்சி ஒண்ணுல வரச் சொல்லியிருக்காங்க. வார்த்த குடுத்துட்டேன்."

"அங்க என்ன இருக்கு? இங்க உனக்கு..."

"சார், ரெண்டு மாசம் நான் சொன்னத யாரும் நம்பல. அதுகூடப் பரவாயில்ல. கடைசில நானே என்னை நம்பாம ஆயிட்டேன். கண்ணாடில பாத்து, நீ உதவாக்கரைடான்னு சொல்லிக்கிற அளவுக்கு வந்துட்டேன். திரும்பவும் இதே எடத்துல உக்காந்தா ஒரு நாள் என்கொயரி வரலன்னாகூட அது ஞாபகம் வரும். என்னால முடியாது."

ஷ்ரேயாஸ் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

அடுத்த கேள்வி, குவிந்து கிடந்த பெயர்களை என்ன செய்வது என்பது. உமேஷ் இரண்டு பக்கமும் ஹலசூரு, அல்சூர் என்று இரண்டு பெயரும் சேர்ந்து தெரிகிற மாதிரி சரிசெய்துவிட்டான். ஒரு பட்டனைத் தட்டினால் எல்லாப் பெயர்களும் சேல்ஸ் பக்கம் போய்விடும். போன உடனே எல்லோருக்கும், உங்களுக்கு உதவ ஆவலாக இருக்கிறோம் என்று தானாக ஒரு மெசேஜும் போய்விடும். ஷ்ரேயாஸ் தட்டிவிடலாம் என்றான்.

"வேணாம்," என்றாள் மகா. "ரெண்டு மாசம் கழிச்சு, ஆவலா இருக்கோம்னு போனா வாங்கறவங்க என்ன நெனப்பாங்க? அதுல சில பேரு இப்போ இருக்காங்களோ இல்லையோ. மெசேஜ நிறுத்திடுங்க. போன்ல கூப்புடுவோம்."

"யார் கூப்புடறது? ஆள் எங்க இருக்கு?"

"நான் பண்றேன்," என்றான் வாசலில் நின்ற கிளெமென்ட். "என் ஏரியாதானே. போறதுக்கு நாள் இருக்கு."

ஒரு சின்ன மீட்டிங் அறையில் இருவரும் உட்கார்ந்து, பெயர்களைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தார்கள். சொல்வதற்கு மகா ஒரு வாசகம் எழுதி வைத்திருந்தாள். சில அசௌகரியங்கள் காரணமாக என்று தொடங்கியது அது. கிளெமென்ட் அதை ஒரு முறை படித்துவிட்டு ஓரமாக வைத்தான். போனை எடுத்ததும் அவன் சொன்னது வேறு: "அம்மா, நீங்க எங்ககிட்ட கட்டில் கேட்டு எழுதியிருந்தீங்க. அது எங்ககிட்ட வந்து சேரல. தப்பு எங்க மேல. வீட்ல இப்போ எப்படி இருக்காங்க?" அப்படிச் சொல்லிவிட்டு அவன் பேசாமல் இருந்தான். மறுமுனையில் பேசுகிறவர்கள் பேசி முடிக்கும் வரைக்கும் இருந்தான். மகாவும் தன் வாசகத்தை மடித்து வைத்துவிட்டாள்.

பெரும்பாலானவர்கள் வேறு எங்கோ வாங்கிவிட்டிருந்தார்கள். அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்து ஆள் ஒருவர் கன்னடத்தில் மகாவைத் திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் அவராகவே, நீ என்னம்மா செய்வாய், யாரோ செய்ததற்கு உன்னைப் போன் செய்ய வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். மர்பி டவுனில் ஒரு பெரியவருக்கு மனைவிக்காகச் சக்கர நாற்காலி இன்னும் வேண்டியிருந்தது. அவர் நாற்காலியைப் பற்றிக் கொஞ்சமும், மற்றவற்றைப் பற்றி நெடுநேரமும் பேசினார். ஒரு பெண், "அம்மா போயிட்டாங்க," என்று மட்டும் சொன்னாள். மகா பேனாவைக் கீழே வைத்தாள். அந்தப் பெண்ணே, "பரவாயில்லீங்க. கட்டில் இருந்தாலும் போயிருப்பாங்க. கொஞ்சம் நிம்மதியாப் படுத்துனு போயிருப்பாங்க, அவ்ளோதான்," என்றாள்.

மகா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்க் காபி மெஷின் பக்கத்தில் நின்றாள். காபி எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது கிளெமென்ட் எதுவும் கேட்காமல், அவள் பங்கிலிருந்து கொஞ்சம் பெயர்களைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டிருந்தான்.

சோனியாவின் நம்பரை மட்டும் மகா கூப்பிடவில்லை. சனிக்கிழமை சரசு வீட்டுக்கு நேரிலேயே போனாள். கிருஷ்ணப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். மகாவைக் கண்டதும், "வாம்மா, பாரு, நான் திரும்ப லைசென்ஸ் எடுக்கப் போறேன்," என்றார் சிரித்துக்கொண்டே. சரசு பாயில் குப்புறப் படுத்திருந்தாள். சோனியா அவள் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டில் நாளைக்கே அனுப்பறேன்க்கா."

"இப்ப எதுக்கு? அவரு எழுந்துட்டாரே. நான்தான் படுத்துட்டேன்."

மகா பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள். நடந்ததை எப்படிச் சொல்வது என்று கேப்பில் வரும்போதெல்லாம் யோசித்திருந்தாள். கடைசியில் சுருக்கமாகத்தான் சொன்னாள். "அக்கா, சோனியா அல்சூர்னு அனுப்பினா. எங்க ஆபீஸ்ல இன்னொரு பக்கம் அத ஹலசூருன்னு மாத்தி வச்சிருந்தாங்க. ரெண்டும் ஒத்துப்போகலன்னு மெஷினு எடுத்துக்கல. உங்களுது மட்டுமில்ல, இந்த ஊர்ல யாரு கேட்டதும் வரல. காம்பிளெக்ஸ்ல இருக்கறவங்களுதும் வரல, பங்களால இருக்கறவங்களுதும் வரல."

சரசு தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ எங்க சந்த பாத்துட்டு வேணாம்னு விடலியா?"

"இல்லக்கா. உங்க பேர அங்க யாரும் பாக்கவே இல்ல."

சரசு மறுபடி தலையைக் கைமேல் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று மகா பயந்து குனிந்து பார்த்தாள். சரசு சிரித்துக்கொண்டிருந்தாள். வலியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

"அல்சூருன்னு சொன்னதுக்கா? அடப் பாவிங்களா! நான் இன்னான்னமோ நெனச்சு, ராத்திரில எல்லாம் மனசு ஆறாம கெடந்தேன்டி."

மகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சோனியா கையிலிருந்து தைலப் புட்டியை வாங்கிக்கொண்டு, "நீ போய் டீ போடு, நான் தேய்க்கறேன்," என்றாள்.

அதற்கடுத்த வாரங்களில் மகாவும் உமேஷும் சேர்ந்து சில காரியங்களைச் செய்தார்கள். ஏரியா பட்டியல் இனி ஒரே இடத்தில்தான் இருக்கும். அங்கே மாற்றினால் இரண்டு பக்கமும் தானாக மாறும். ஒவ்வொரு ஊருக்கும் உள்ளே ஒரு குறியீடு கொடுத்தார்கள். வெளியே தெரிகிற பெயரை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், குறியீட்டை யாரும் தொடக்கூடாது. பட்டியலில் கை வைக்கும் அனுமதியை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிட்டு, மகாவும் உமேஷும் இரண்டு பேரும் சரி என்றால்தான் மாறும்படி பூட்டினார்கள். திரும்பி வருகிறவை பற்றிய மெயில் இனிமேல் தனி ஆளுக்குப் போகாது. பொதுப் பெட்டிக்குப் போகும். காலையில் வந்ததும் அதைத் திறந்து பார்ப்பது வேலையின் பகுதி.

ஷ்ரேயாஸுக்கு இது பிடிக்கவில்லை. "ஒரு பேர் மாத்தணும்னா நான் உங்ககிட்ட அனுமதி கேட்டு நிக்கணுமா?" என்றான் மீட்டிங்கில்.

மகா பதில் சொல்வதற்கு முன் உமேஷ் சொன்னான். "ஆமா சார்." அவன் அதற்கு முன் அந்த மீட்டிங்கில் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. "நானும் கேட்கணும். கேட்டிருந்தா கிளெமென்ட் போயிருக்க மாட்டார்."

ஷ்ரேயாஸ் மேஜையைப் பார்த்தான். பிறகு, சரி, செய்யுங்கள் என்றான்.

கிளெமென்டின் கடைசி நாளன்று கேக் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். லிஃப்ட் வரை மகா கூடப் போனாள். அவள் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். மன்னிப்பு என்று தொடங்கினாள்.

"நீ எதுக்கு?" என்றான் அவன். "என்கிட்ட வந்து, யாரையாவது கூப்புடாம விட்டியான்னு கேட்ட பாரு, அது ஒண்ணுதான் ரெண்டு மாசத்துல ஒருத்தர் என்கிட்ட நேரா கேட்ட கேள்வி. மத்தவங்கல்லாம் ஏன் முடியலன்னுதான் கேட்டாங்க." லிஃப்ட் வந்தது. "உடம்பப் பாத்துக்க மகா. ரொம்ப அசந்து தெரியற."

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில் ஷ்ரேயாஸிடமிருந்து முறைப்படி ஒரு வேண்டுகோள் வந்தது. கிழக்குப் பக்கத்தில் இரண்டு ஏரியாக்களைப் பிரிக்க வேண்டும். முன்பானால் அவனே போய்ப் பிரித்துவிட்டிருப்பான். இப்போது, எப்போது செய்ய முடியும் என்று கேட்டு எழுதியிருந்தான். மகா பார்த்தாள், உமேஷ் பார்த்தான், இருவரும் சரி என்றார்கள். மாற்றம் ஆனதும் ஒவ்வொரு பெயரிலும் ஒரு என்கொயரியைத் தாங்களே போட்டு அனுப்பிப் பார்ப்பது என்று வைத்திருந்தார்கள். மகா வெப்சைட்டைத் திறந்து தன் பெயரையும் நம்பரையும் போட்டு, புது ஏரியாவைத் தேர்ந்தெடுத்து, கட்டில் என்று தட்டி அனுப்பினாள். அனுப்பிவிட்டுத் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு கண்ணை மூடினாள்.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"வணக்கம் மேடம், என் பேரு கிருத்திகா." புதிதாகச் சேர்ந்த பெண்ணின் குரல். இன்னும் பழகாத, படபடப்பான குரல். "நீங்க இப்பதான் கட்டில் கேட்டு அனுப்பியிருந்தீங்க. வீட்ல யாருக்கு மேடம் உடம்பு சரியில்ல?"

மகாவுக்கு உடனே பதில் வரவில்லை. அந்தப் பெண் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். அவளுக்கு யாரோ நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"யாருக்கும் இல்லம்மா," என்றாள் மகா. "நான் நம்ம ஆபீஸ்தான். மேல் மாடி. வந்து சேருதான்னு பாத்தேன்."

"ஓ." கொஞ்சம் ஏமாற்றம், கொஞ்சம் சிரிப்பு. "வந்துடுச்சு மேடம்."